தலை செய்த மூன்று வேலைகள்

மேடையில் ஒருவர் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். இடது கை கழுத்தின் மேல் ஏறி இறங்குகிறது. அந்தக் கழுத்தின் நுனியில் நம் கண் வழக்கமாகத் தேடும் ஒன்றைக் காணோம். நான்கு பெரிய முறுக்காணிகள் காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் தலைப்பலகை அங்கே இல்லை. ரம்பம் வைத்து அறுத்ததுபோல் கழுத்து சட்டென்று முடிந்துவிடுகிறது. ஆனால் தந்தியைச் சுண்டினால் சுருதி சுத்தமாகப் பேசுகிறது. அப்படியானால் அந்தத் தந்திகளை இழுத்துப் பிடித்திருப்பது எது?

முதலில் அந்த இழுவை எவ்வளவு என்று பார்க்கலாம். நான்கு தந்தி பேஸில் மிகத் தடித்த தந்தி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். மற்ற மூன்றும் 55, 73, 98 முறை. இந்தச் சுருதிகளில் நிற்க ஒவ்வொரு தந்தியும் 18 முதல் 23 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுபட வேண்டும். நான்கையும் கூட்டினால் ஏறக்குறைய 80 கிலோ. 25 கிலோ அரிசிப் பை மூன்றையும் தாண்டிய சுமை அது. கிட்டார் மூலையில் சும்மா சாய்ந்திருக்கும்போதும் இந்தக் கயிறிழுப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதைத் தாங்குவது இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமன் கொண்ட ஒரு கழுத்து.

கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதிரும் தந்தியின் நீளத்தை 34 அங்குலமாக வைத்தார். மில்லிமீட்டரில் 863.6. இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. தந்தியின் மறுமுனையைச் சுற்றிக்கொள்ள அவர் வைத்த தலை புதுமையானது அல்ல. நம் வீணையின் பிரடைகள் இருக்கும் இடம்தான் அது. உலகின் பல நரம்புக் கருவிகளில் நூற்றாண்டுகளாகத் தந்தியைத் தலையில்தான் முறுக்கிவந்தார்கள். வேறு இடம் உண்டா என்று யோசிக்க அதிகம் பேருக்குத் தேவை எழவில்லை.

தலை என்ன செய்கிறது என்று பட்டியலிட்டால் இரண்டு வேலைகள் உடனே தெரியும். தந்தியின் நுனியைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை முறுக்கிச் சுருதி சேர்க்க இடம் தருகிறது. மூன்றாவது ஒன்றை யாரும் அதனிடம் கேட்கவில்லை. அது கனக்கிறது.

அந்தக் கனத்தின் விளைவைப் புரிந்துகொள்ள வெள்ளிக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீண்ட கோலின் நுனியில் உள்ள சிறு எடை, மறுபக்கம் பிடிக்கு அருகில் தொங்கும் பெரிய சுமையைத் தூக்கி நிறுத்தும். பேஸ் முறுக்காணி ஒன்று 100 கிராம் அளவுக்கு இருக்கலாம். நான்கு ஆணியும் தலைப்பலகையின் மரமும் சேர்ந்தால் அரை கிலோ. அது தொங்குவது தோள்வார் மாட்டும் பொத்தானிலிருந்து அரை மீட்டருக்கும் அப்பால். கையை விட்டால் கழுத்து தரையை நோக்கிச் சாயும். வாசிப்பவரின் இடது கை, சுரம் பிடிக்கும் வேலையோடு கழுத்தைத் தாங்கும் வேலையையும் சேர்த்துச் செய்யும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் அந்த அரை கிலோவின் கணக்கைத் தோளும் மணிக்கட்டும் சொல்லும்.

இந்தச் சாய்வோடு மல்லுக்கட்டியவர் நெட் ஸ்டெயின்பெர்கர் என்ற அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர். அவருடைய தந்தை ஜாக் ஸ்டெயின்பெர்கர் 1988இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்குபெற்றவர். 1970களில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மரவேலைக்காரர்கள் பலர் பகிர்ந்துகொண்ட ஒரு பட்டறையில் நெட் இருந்தார். அதே பட்டறையில் ஸ்டூவர்ட் ஸ்பெக்டர் கிட்டார் செய்துகொண்டிருந்தார். அவருக்காக நெட் 1977 வாக்கில் உடலோடு ஒட்டி வளைந்த ஒரு பேஸை வடிவமைத்தார். நாற்காலி செய்பவருக்கு முதலில் வரும் கேள்வி, உட்காருபவரின் உடம்புக்கு இது பொருந்துமா என்பது. அந்தக் கேள்வியைத்தான் அவர் பேஸிடமும் கேட்டார். கனமான ஆணிகளைத் தலையிலிருந்து எடுத்து உடலின் கடைசிக்குக் கொண்டுபோனால் என்ன? ஆணிகள் போய்விட்டால் தலை எதற்கு?

அந்தக் கேள்வியிலிருந்து 1980 வாக்கில் பிறந்தது ஸ்டெயின்பெர்கர் எல்2. தலை கிடையாது. உடலும் தீப்பெட்டியை நீட்டியதுபோல் சிறியது. சாதாரண பேஸ் 1.17 மீட்டர் நீளம் இருக்கும். இது ஒரு மீட்டருக்குள் அடங்கியது. ஆனாலும் தந்தி நீளம் அதே 34 அங்குலம். ஒலிக்கும் பகுதியில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. டைம் இதழ் 1981ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்புகளில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தது. பேஸ் வாசிப்பவர்களான டோனி லெவின், ரஷ் இசைக்குழுவின் கெடி லீ, ஸ்டிங் ஆகியோர் 1980களில் அதை மேடைக்கு எடுத்துச் சென்றார்கள்.

இனி தலை விட்டுச்சென்ற வேலைகளின் பின்னால் போகலாம். ஒரு கருவியிலிருந்து ஒரு பாகத்தை எடுத்துவிடலாம். அது செய்த வேலையை எடுக்க முடியாது. அந்த வேலை வேறெங்காவது போய் உட்கார்ந்திருக்கும். தலையில்லா பேஸைப் பராமரிப்பதும் மாற்றியமைப்பதும், அந்த வேலை எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கும் கலைதான்.

முறுக்கும் வேலை குதிரைக்குப் போயிற்று. தந்திகள் உடல் பக்கம் ஏறி உட்காரும் அந்த உலோகப் பாலத்துக்கு வீணைக்காரர்கள் சொல்லும் பெயரையே இங்கேயும் வைத்துக்கொள்ளலாம். தலையில்லா பேஸின் குதிரைக்குள் தந்திக்கு ஒன்றாக நான்கு கவ்விகள் இருக்கின்றன. கவ்வி என்பது தந்தியின் முனையில் உள்ள பித்தளைக் குண்டைப் பிடித்துக்கொள்ளும் சிறு உலோகத் துண்டு. அதன் பின்னால் ஒரு மரையாணி. ஆணியின் கடைசியில், உடலின் பின்விளிம்பில், விரலால் திருகும் குமிழ். குமிழைத் திருகினால் கவ்வி நேர்கோட்டில் பின்னால் நகரும். தந்தி எதிலும் சுற்றப்படுவதில்லை. நேராக இழுபடுகிறது, அவ்வளவுதான்.

இந்த நேர் இழுப்பு எவ்வளவு நுட்பமானது என்று ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். வழக்கமான முறுக்காணியின் தண்டு 12 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது 38 மில்லிமீட்டர் தந்தியை இழுக்கும். அதற்குள் இருக்கும் பல்சக்கரம் 20 சுற்றை ஒன்றாக்குகிறது. ஆகவே கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 1.9 மில்லிமீட்டர். இதையே நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள பொதுவான மரையாணி ஒன்று செய்தால், அதன் மரைகளுக்கு இடையே உள்ள தூரமான 0.7 மில்லிமீட்டர்தான் ஒரு சுற்றுக்கு நகரும். குமிழை 10 பாகை மட்டும், அதாவது முழுச்சுற்றில் 36இல் ஒரு பங்கு, திருகினால் தந்தி நகர்வது 0.02 மில்லிமீட்டர். நம் தலைமுடியின் தடிமனில் அது மூன்றில் ஒரு பங்குகூட வராது.

20 கிலோ இழுவையை இரண்டு விரல்கள் எப்படி வெல்கின்றன? மரை என்பது தண்டைச் சுற்றி வளைத்த ஒரு சாய்தளம். மலை உச்சிக்குச் செங்குத்தாக ஏற முடியாத லாரி, சுற்றிச் சுற்றிப் போகும் சாலையில் ஏறிவிடுவதுபோல, குமிழின் நீண்ட சுற்று ஒரு சிறு நகர்வாக மாறுகிறது. தூரத்தில் இழந்தது விசையாகத் திரும்பி வருகிறது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 அடிக்கு ஒரு அடி உயரும். நாம் கணக்குப் போட்ட மரையின் சரிவு அதைவிட மென்மையானது, ஏறக்குறைய 16க்கு ஒன்று. இவ்வளவு மெல்லிய சரிவில் உராய்வை மீறித் தந்தியால் மரையைப் பின்னோக்கிச் சுழற்ற முடியாது. குமிழை விட்டுக் கையை எடுத்தாலும் சுருதி அங்கேயே நிற்கும். பூட்டும் அதுவே, சாவியும் அதுவே.

பராமரிப்பின் முதல் பாடம் இங்கேதான் இருக்கிறது. தலையில்லா பேஸ் வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் குறை, குமிழ் கல்லாக இறுகிவிட்டது என்பது. விரலின் வியர்வை, தூசி, காய்ந்துபோன பழைய எண்ணெய் எல்லாம் மரைக்குள் சேர்கின்றன. பலர் உடனே குறடு தேடுகிறார்கள். குறடு குமிழைச் சிதைக்கும், மரையையும் அரித்துவிடும். செய்ய வேண்டியது எளிது. தந்தியை முழுவதும் தளர்த்திக் கவ்வியையும் ஆணியையும் வெளியே எடுங்கள். மரையைப் பழைய பல் துலக்கியால் சுத்தம் செய்து, பச்சைப்பயறு அளவு கிரீஸ் தடவுங்கள். குமிழ் குதிரையின் சுவரில் அழுந்தும் இடத்தில் ஒரு சிறு வாஷர் இருக்கும். 20 கிலோவும் அழுத்திக்கொண்டு சுழல்வது அந்த இடம்தான். அங்கேயும் ஒரு துளி வேண்டும். கிரீஸ் போட்டால் சுருதி வழுக்கிவிடுமோ என்ற பயம் தேவையில்லை. சரிவு அவ்வளவு மெலிதாக இருப்பதால் பூட்டும் தன்மை பிறகும் போகாது.

பிடிக்கும் வேலை இரண்டாகப் பிரிந்தது. கழுத்தின் நுனியில் விரல் அகல உலோகத் துண்டு ஒன்று மிஞ்சியது. அதில் நான்கு பள்ளங்கள். இதற்காகவே ஸ்டெயின்பெர்கர் தந்தியின் இரண்டு முனையிலும் குண்டு வைத்த இருகுண்டுத் தந்தியைக் கொண்டுவந்தார். ஒரு குண்டைப் பள்ளத்தில் போட்டு, மறு குண்டைக் கவ்வியில் மாட்டி, குமிழைத் திருகினால் வேலை முடிந்தது. சாதாரண பேஸில் தந்தியை வெட்டி, தண்டின் துளைக்குள் செருகி, மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுகள் இறுகி அமரும்வரை மறுபடி மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். இங்கே சுற்று என்பதே இல்லை. இளகுவதற்கு எதுவும் மிச்சமில்லாததால் புதுத் தந்தி சீக்கிரம் நிலைக்கிறது.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. இருகுண்டுத் தந்தியின் நீளம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. கவ்வி நகரக்கூடிய தூரமோ மிகக் குறைவு. தந்தி சற்று நீளமாக வந்துவிட்டால், கவ்வி பின்சுவரில் முட்டி நின்றுவிடும். சுருதி இன்னும் எட்டியிருக்காது. பழைய தந்தியிலிருந்து எடுத்த ஒரு குண்டை நடுவே திணித்து அந்தச் சில மில்லிமீட்டரை ஈடுகட்டுவது கைவினைஞர்களின் பழைய உத்தி. இன்னும் பரவலான மாற்றம், நுனித் துண்டையே மாற்றுவது. புதிய துண்டில் பள்ளத்துக்குப் பதில் தந்திக்கு ஒரு துளை, அதை மேலிருந்து அழுத்தும் ஒரு சிறு திருகு. இதைப் போட்டுவிட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒருகுண்டுத் தந்தி போதும்.

ஆனால் அங்கே தந்தியை வெட்டும் முன் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பேஸ் தந்தி ஒற்றைக் கம்பி அல்ல. ஒரு மெல்லிய எஃகு உள்கம்பியும், அதன் மேல் நெருக்கமாகச் சுற்றிய வேறு கம்பியும் சேர்ந்தது. தந்தி கனமாகவும் இருக்க வேண்டும், வளையவும் வேண்டும். ஒற்றைத் தடிக் கம்பி கனத்தைத் தரும். ஆனால் கோல்போல் விறைத்துவிடும். சுற்றுக் கம்பி விறைப்பைக் கூட்டாமல் கனத்தை மட்டும் கூட்டுகிறது. பல தந்திகளில் உள்கம்பி அறுகோண வடிவம் கொண்டது. அதன் ஆறு விளிம்புகளும் சுற்றைக் கவ்விப் பிடிக்கும். உள்கம்பி உருண்டையாக இருந்தால் பிடிப்பு குறைவு. அதை அப்படியே வெட்டினால் சுற்று அவிழ்ந்து, தந்தி உயிரில்லாமல் ஒலிக்கும். ஆகவே ஒரு வரிசை உண்டு. முதலில் கவ்வியைத் தளர்ந்த எல்லைக்குக் கொண்டுபோங்கள். தந்தியைக் கையால் இழுத்துத் தொய்வை எடுங்கள். நுனித் திருகை இறுக்குங்கள். வெளியே நீட்டிய பகுதியைச் செங்கோணமாக மடியுங்கள். சுருதி சேர்த்துப் பார்த்த பிறகு மடித்த இடத்துக்கு அப்பால் வெட்டுங்கள்.

அந்தத் திருகை இறுக்கும் அறுகோணச் சாவியான ஆலன் கீயும் ஒரு பாடம் சொல்லும். அமெரிக்கப் பாகங்கள் பல அங்குல அளவில் வரும். ஜெர்மன், ஜப்பான், கொரியப் பாகங்கள் மில்லிமீட்டரில் வரும். அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு என்பது 1.59 மில்லிமீட்டர். அதில் 1.5 மில்லிமீட்டர் கீ நுழையும், திருகவும் செய்யும். அந்த 0.09 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒவ்வொரு முறையும் அறுகோணத்தின் மூலைகள் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். ஒருநாள் கீ சும்மா சுற்றும். 20 கிலோ இழுவையைப் பிடித்திருக்கும் சிறு திருகு அப்படிக் கெட்டால், துளை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சரியான கீயைக் கிட்டாரின் பையிலேயே போட்டு வைப்பது இந்தக் கருவிக்குச் செய்யக்கூடிய மிக மலிவான உபகாரம்.

மூன்றாவது வேலையான கனத்துக்கு வருவோம். தலையின் கனம் தோளை மட்டும் அல்ல, ஒலியையும் தொட்டது. ஓர் அளவுகோலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து நுனியைத் தட்டினால் அது தனக்கென்று ஒரு வேகத்தில் அதிரும். நுனியில் ஒரு களிமண் உருண்டையை ஒட்டினால் அதிர்வு மெதுவாகும். பேஸின் கழுத்தும் அப்படி ஓர் அளவுகோல்தான். அதற்கும் சொந்த அதிர்வெண் உண்டு. வாசிக்கும் சுரம் அந்த எண்ணோடு பொருந்திவிட்டால், தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்ளும். சுரம் பிறந்த வேகத்தில் மங்கிவிடும். இந்த இடத்தை ஊமைப்புள்ளி என்று சொல்லலாம். தலையுள்ள பல பேஸ்களில் மிக மெல்லிய தந்தியின் ஐந்தாம், ஏழாம் மெட்டுகளுக்கு இடையே இது தென்படும். மெட்டு என்றால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை, வீணையில் உள்ளதுபோல. அங்கே விழும் சுரங்கள் விநாடிக்கு 131 முதல் 147 அதிர்வு வரை. ஜெர்மன் ஆய்வாளர் ஹெல்முட் ஃபிளைஷர் கழுத்தின் அசைவை ஒவ்வோர் இடமாக அளந்து, ஊமைப்புள்ளியும் கழுத்தின் அதிர்வும் கைகோத்து நடப்பதைக் காட்டினார்.

தலையை எடுப்பது அளவுகோலின் நுனியிலிருந்து களிமண் உருண்டையை எடுப்பதற்குச் சமம். கழுத்தின் சொந்த அதிர்வெண் மேலே ஏறும். ஊமைப்புள்ளி இடம் பெயரும். பொதுவாகக் குறைவாக வாசிக்கும் இடத்துக்குத் தள்ளிப்போகும். அது அழிந்துவிடுவதாக நினைக்கக் கூடாது. எடையைக் குறைத்தால் அது போகும் திசை ஒன்று, கூட்டினால் மற்றொன்று. தலையுள்ள பேஸ்காரர்கள் தலையில் ஒரு பித்தளை இடுக்கியை மாட்டி அதே புள்ளியை எதிர்த்திசையில் நகர்த்துகிறார்கள்.

ஸ்டெயின்பெர்கர் கனத்தைக் குறைத்ததோடு விறைப்பையும் கூட்டினார். எல்2வைக் கார்பன் இழை, கண்ணாடி இழை, எபாக்சிப் பிசின் மூன்றையும் சேர்த்து அச்சில் வார்த்தார். கார்பன் இழை ஒன்றின் தடிமன் தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகள் கழுத்தின் நீளவாட்டில் ஓடிப் பிசினுக்குள் உறையும்போது, அதே எடை மரத்தைவிடப் பல மடங்கு விறைப்பான கழுத்து கிடைக்கிறது. மழைக்காலத்தில் மரக்கதவு நிலையில் சிக்கிக்கொள்வதை நாம் அறிவோம். மரக்கழுத்தும் அப்படித்தான் ஈரத்தைக் குடித்து வளையும், வறண்டால் நிமிரும். கார்பன் கழுத்துக்கு இந்தப் பருவக் கணக்கு ஏறக்குறைய இல்லை. இங்கிலாந்தில் ராப் கிரீன் தொடங்கிய ஸ்டேட்டஸ் நிறுவனமும் இதே பொருளில் தலையில்லா பேஸ்கள் செய்து பேர் வாங்கியது.

மரக்கழுத்தின் உள்ளே ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்று பெயர். அதன் நுனியைத் திருகி, 80 கிலோ இழுவைக்கு எதிராகக் கழுத்தைச் சற்றுப் பின்னால் வளைக்கலாம். கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ 1920களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. வேண்டிய வளைவு மிகச் சிறியது. தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும். அதிரும் தந்தி நடுவில்தான் அகலமாக விரியும். அதற்கு விடும் இடம் அது. எல்2 போன்ற கார்பன் கழுத்துகளில் இந்தத் தண்டே கிடையாது. தொழிற்சாலை கொடுத்த வளைவுதான் என்றைக்கும். தடித்த தந்தி மாட்டி இடைவெளி மாறினால், மெட்டுகளை ராவிச் சரிசெய்வதுதான் வழி. மாறாமல் இருப்பது வரம்தான். ஆனால் மாற்ற முடியாமல் இருப்பதும் அதே வரத்தோடு சேர்ந்தே வரும். கார்பன் பாகத்தை ராவ நேர்ந்தால் முகக்கவசம் கட்டாயம். அந்த நுண்ணிய தூள் நுரையீரலுக்கு ஆகாது.

சொந்த பேஸின் தலையை அறுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அறுக்கலாம். அதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, ட்ரஸ் ராடின் திருகுமுனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. அது தலைப் பக்கம் இருந்தால் ரம்பம் அதையும் சேர்த்து எடுத்துவிடும். இரண்டாவது, நுனித் துண்டு எதில் பிடித்து நிற்கும் என்பது. கழுத்தின் வெட்டுமுகத்தில் மரத்தின் நார்கள் நுனி காட்டி நிற்கும். அதில் திருகை இறக்கினால் நார்களுக்கு நடுவே பிடிப்பு குறைவு. 80 கிலோவைத் திருகை நம்பி விடக் கூடாது. நல்ல நுனித் துண்டு வெட்டுமுகத்தின் மேல் கொக்கிபோல் மடிந்து அமரும். தந்திகள் இழுக்க இழுக்க அது கழுத்தின் மேல் இன்னும் அழுந்தும். பிடுங்க வந்த விசையே அதை ஒட்டவைக்கும் விசையாக மாறிவிடுகிறது. திருகுகள் அது பக்கவாட்டில் நழுவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது இடம் உடலின் கடைசி. முறுக்கும் வேலை இங்கே வந்துவிட்டதால் குதிரை நீளும். குமிழ்களைத் திருக விரலுக்கு இடம் வேண்டும்; ஆகவே உடலின் பின்விளிம்பை அரைவட்டமாகக் குடைய வேண்டிவரும். ஆனால் தந்தி ஏறி உட்காரும் புள்ளி பழைய இடத்திலிருந்து நகரக் கூடாது. கழுத்தில் மெட்டுகள் அந்தப் புள்ளியை நம்பியே பதிக்கப்பட்டிருக்கின்றன. அறுக்க மனம் வராதவர்களுக்கு ஒரு வழி, திருகுகளால் உடலோடு இணைந்த கழுத்தை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, தலையில்லாத கழுத்து ஒன்றை மாட்டுவது. பழைய கழுத்து அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

கனம் போன பிறகு சமநிலை தானாக வந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் எல்2வின் சிற்றுடலில் தோள்வார் மாட்டக் கொம்புகூட இல்லை. அதற்காக ஸ்டெயின்பெர்கர் உடலின் முதுகில் ஒரு சுழலும் தகட்டை வைத்தார். தோள்வாரை அந்தத் தகட்டில் மாட்டுவார்கள். கருவியை எந்தக் கோணத்தில் வைத்தாலும் அது அங்கேயே நிற்கும். உட்கார்ந்து வாசிக்கும்போது தொடையில் வைக்க மடித்து நீட்டும் ஒரு தாங்கியும் உண்டு. ஸ்டெயின்பெர்கரின் உரிமம் பெற்று ஹோனர் நிறுவனம் மேப்பிள் மரத்தில் செய்த மலிவான பி2 பேஸ்கள் பல நாடுகளில் பரவின. அவற்றை வாங்கியவர்கள் விரும்பிச் செய்யும் மாற்றங்களில் ஒன்று தோள்வார்ப் பொத்தானை நகர்த்துவது. ஒரு சிறு நீட்டுத் தகட்டைப் போட்டுப் பொத்தானைப் பன்னிரண்டாம் மெட்டுப் பக்கம் கொண்டுபோனால், கையை எடுத்தாலும் கழுத்து அசையாது.

தலையில்லா பேஸ்கள் பலவற்றின் உள்ளே 9 வோல்ட் பேட்டரி ஒன்று ஒளிந்திருக்கும். காந்தத்தின் மேல் சுற்றிய செம்புச் சுருள் தந்தியின் அசைவை மின்சாரமாக்கும். அந்த மெல்லிய மின்னலையைப் பெருக்க பேட்டரி. இதற்குத் தனியாக ஸ்விட்ச் கிடையாது. ஒயர் செருகும் துளையே ஸ்விட்ச். துளைக்குள் மூன்று தொடுமுனைகள் இருக்கின்றன. செருகியில் இரண்டே பகுதிகள். செருகியின் நீண்ட உடல் உள்ளே போகும்போது இரண்டு முனைகளை ஒன்றாக இணைத்துவிடும். பேட்டரியின் சுற்று முழுமையாகும். உருவினால் அறும். வாசித்து முடித்ததும் ஒயரை உருவி வைப்பதுதான் பேட்டரியை அணைக்கும் முறை. ஒருநாள் கிட்டார் திடீரென்று கரகரத்துப் பேசினால், எல்லாவற்றையும் கழற்றும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாகச் சுரச்சுத்தம். எல்லா மெட்டிலும் சுரம் சரியாக விழ வைப்பதற்கு இந்தப் பெயர். மெட்டுகளின் இடைவெளி ஒரு கணக்கில் குறைந்துகொண்டே வருகிறது. மிச்சமுள்ள நீளத்தில் ஒவ்வொரு முறையும் 17.817இல் ஒரு பங்கு. முதல் மெட்டு நுனியிலிருந்து 48.5 மில்லிமீட்டர், அடுத்தது அங்கிருந்து 45.8, பன்னிரண்டாவது மெட்டில் சரிபாதி. கணக்கு சுத்தமானது, தந்தி அப்படி அல்ல. அழுத்தும்போது அது சற்று நீளும், சுருதி ஏறும். தடித்த தந்தியின் விறைப்பும் சுருதியை ஏற்றும். ஈடுகட்ட, குதிரையில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சிறு மேடையைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளுகிறார்கள். தடித்த தந்திக்கு அதிகம், மெல்லியதற்குக் குறைவு. பல தலையில்லா குதிரைகளில் அதைத் தள்ளத் தனித் திருகு இல்லை. குதிரைக்குள் இருந்த இடத்தையெல்லாம் முறுக்கும் வேலை எடுத்துக்கொண்டது. தந்தியைத் தளர்த்தி, பூட்டுத் திருகை இளக்கி, மேடையைக் கையால் நகர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். ஒரு தந்திக்கு நான்கைந்து முறை. இதற்கு முன் கழுத்தின் வளைவும் தந்தியின் உயரமும் சரியாகியிருக்க வேண்டும். அவை மாறினால் இதுவும் மாறும்.

அந்தப் பொறுமைக்குப் பரிசு கடைசிச் சுற்றில் கிடைக்கிறது. பன்னிரண்டாம் மெட்டின் மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து ஒரு முறை, அழுத்திப் பிடித்து ஒரு முறை, அதே சுரத்தை இரண்டு விதமாக எழுப்புங்கள். இரண்டும் ஒன்றாக விழவில்லை என்றால் மேடை இன்னும் கொஞ்சம் நகர வேண்டும். விழுந்துவிட்டால் வலது கையை உடலின் பின்விளிம்புக்குக் கொண்டுபோங்கள். குமிழ் அங்கே இருக்கிறது, சுண்டிய விரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில். சுண்டிவிட்டு அதே கையால் திருகலாம். தலையுள்ள பேஸில் இதற்கு இடது கை கழுத்தின் கடைசி வரை நீள வேண்டும். இங்கே இடது கைக்குக் கழுத்தைத் தாங்கும் வேலையும் இல்லை, ஆணி திருகும் வேலையும் இல்லை. சுரத்தின் மேல் அப்படியே இருக்கலாம்.